பிரேக் போட்ட குற்றம்

இந்த நாட்டில் ஒரு பொருளைப் பாழாக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பழுதுபார்க்கத்தான் வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு பழைய காரை வீட்டு ஷெட்டில் வைத்துச் சரிசெய்து பாருங்கள்.

நான் செய்து பார்த்தேன்.

அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1968 மாடல். வண்டலூர்த் தொழிற்சாலையில் பிறந்த மெட்ராஸ் பிள்ளை. உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிச்சலோட்டி. இதே சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் இங்கிலாந்துக்காரர்கள் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். சோழவரம் ரேஸில் ஹெரால்டு சீறியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பானட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் கவிழ்த்தால் எஞ்சின் மொத்தமும் வெளியே தெரியும். ஒளிவுமறைவே கிடையாது. அரசாங்கத்துக்கு இந்த வண்டியைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

பத்து வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததைப் பிரித்தோம். சேசிஸ் பாதி இரும்பு, பாதி துரு. டிங்கரிங்குக்கு ஒருவர், பெயின்ட்டுக்கு ஒருவர், மிச்சத்துக்கு நானும் மகனும். ஜி.பி. ரோட்டில் கிடைக்காதது புதுப்பேட்டையில் கிடைத்தது. அங்கும் கிடைக்காததை லேத்தில் கடைந்து வாங்கினோம். முன்சக்கரத்தைத் தாங்கும் பித்தளை டிரனியனுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று ஒரு கிழ மெக்கானிக் சொல்லித் தந்தார். மீறினால் ஒருநாள் வண்டி ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் போகுமாம். திறன் மேம்பாட்டுக்கு ஊரெல்லாம் விழா எடுக்கிறார்கள். இவரை எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு மாற்றம் செய்தோம். பழைய டிரம் பிரேக்கை நம்பி இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்க முடியாது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாட்டினோம். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. வினை அங்கேதான் தொடங்கியது.

பதிவைப் புதுப்பிக்கப் போனோம். வண்டியைச் சோதிக்கும் அதிகாரிக்கு ஜனங்கள் வைத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். பிரேக்கைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இது ஒரிஜினல் இல்லையே?"

"ஒரிஜினல் சரியாப் பிடிக்காது சார். இது பிடிக்கும்."

"கம்பெனி கொடுத்த மாதிரிதான் இருக்கணும். இல்லேன்னா கம்பெனிகிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க."

அந்தக் கம்பெனி கார் செய்வதை நிறுத்தியது எண்பதுகளின் கடைசியில். லெட்டர் வாங்க ஆவிகளோடு பேசுகிறவரைத்தான் தேட வேண்டும். வாசலில் நின்ற ஏஜென்ட், தனக்கு அந்த ஆவியோடு பழக்கம் உண்டு என்றார். ரேட்டும் சொன்னார்.

சட்டம் இருக்கிறது. மறுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கண்டபடி வெட்டி ஒட்டினால் உயிர் போகும். ஆகவே சட்டம் வேண்டும். யாருக்கு வேண்டும் என்பதுதான் கேள்வி.

1982-இல் என்.டி. ராமராவ் ஒரு பழைய செவர்லே வேனை மாற்றியமைத்து, 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து ஆந்திரா முழுக்கச் சுற்றினார். மறு ஆண்டு முதல்வரானார். அன்றிலிருந்து கட்சி வித்தியாசமில்லாமல் கூரையை அறுக்கிறார்கள், மேடை கட்டுகிறார்கள், கும்பிட்டபடி மேலே எழும்புகிறார்கள். வீட்டு ஷெட்டில் செய்தால் விதிமீறல். கட்சி ஆபீஸில் செய்தால் வரலாறு. கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்றது உச்ச நீதிமன்றம், 2012-இல். முன்னால் இரும்பு கிராஷ் கார்டு கூடாது என்றது மத்திய அரசு, 2017-இல். இரண்டையும் ஒரே வண்டியில் பார்க்க ஆசையா? ஏதாவது ஒரு கட்சி மாநாட்டு வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள்.

"அப்படின்னா விண்டேஜ்னு பதிஞ்சுக்கோங்களேன்" என்றார் ஒரு புண்ணியவான். 2021-இல் அதற்கும் விதி போட்டிருக்கிறார்கள். ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிதாகக் கை வைத்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கட்டினால் என்ன கிடைக்கும்? கண்காட்சிக்குப் போகலாம். ரேலிக்குப் போகலாம். பெட்ரோல் போடப் போகலாம். பழுதுபார்க்கப் போகலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு மட்டும் எடுக்கக் கூடாது. அதாவது, பெட்ரோல் வாங்கப் போனால் பாரம்பரியம். பால் வாங்கப் போனால் குற்றம்.

விண்டேஜ் வேண்டாம், சாதாரணக் காராகவே இருக்கட்டும் என்றால்? பதினைந்து வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் இருந்தது. 2022-இல் 5,000 ஆனது. இருபது வயது தாண்டினால் 10,000 என்றார்கள், 2025-இல். பழம்பொருளுக்கு வயதாக ஆக விலை ஏறும் என்பதை அரசாங்கம் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறது. இது போக, பசுமை வரி தனி. ஓடுகிற வண்டியை உடை, கடன் வாங்கிப் புதியதை வாங்கு. அதற்குப் பெயர் பசுமை. போலீஸ் பிடித்துவந்த வண்டிகளோ ஸ்டேஷன் வாசலில் வருஷக்கணக்கில் மக்குகின்றன. சீட்டைப் பொத்துக்கொண்டு செடி முளைத்திருக்கிறது. ஒருவேளை அதைத்தான் பசுமை என்கிறார்களோ!

இத்தனையும் நம் பாதுகாப்புக்காம். நம்புவோம். 2024 பிப்ரவரியில் சென்னையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பேருந்தின் தரைப் பலகை உடைந்தது. இருக்கையை விட்டு எழுந்த பெண் பயணி ஓட்டை வழியே கீழே போனார். கூட இருந்தவர்கள் போட்ட கூச்சலில் வண்டி நின்றது, அவர் பிழைத்தார். அது மாநகர அரசுப் பேருந்து. அதற்கும் யாரோ ஒருவர் 'தகுதி' என்று கையெழுத்துப் போட்டிருப்பார்.

என் ஹெரால்டு ஷெட்டில் நிற்கிறது. தரை உறுதியாக இருக்கிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. சாலையில் ஓடத் தகுதியில்லை என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.