ரேஸ்கோர்ஸ் செல்லுதல்: முதல், கரு, உரி வழி ஓர் ஆய்வு

திண்டுக்கல் நகரத்தாரும் அதன் சமவெளி ஊராரும் மதுரை ரேஸ்கோர்ஸில் உள்ள பன்னாட்டு ஹாக்கி அரங்கிற்குச் சென்று, ஓர் ஆட்டத்தைக் கண்டு, அன்றிரவே வீடு திரும்புவதற்கு வகுக்கும் திட்டத்தை, அகப்பொருள் இலக்கணம் திணைகளைப் பகுப்பதற்குக் கையாளும் முதல், கரு, உரி என்னும் மூன்றன் துணையால் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவற்றுள் முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்திற்குரிய உணவு, விலங்கு, மரம், பறை முதலியன. உரிப்பொருள் மாந்தர் மனத்து ஒழுக்கம். பஸ்ஸைத் தொல்காப்பியர் கருப்பொருளாகக் குறிக்கவில்லை எனினும், தம் பட்டியலின் இறுதியில் பிறவற்றுக்கும் அவர் இடம் விட்டிருப்பதால், அதனை இங்குச் சேர்ப்பது மரபு மீறல் ஆகாது.

முதற்பொருளில் நிலம் சிக்கலற்றது. இரு நகரங்களுக்கும் இடையே 60 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவே உள்ளது. 1985 செப்டம்பர் 15 அன்று தனி மாவட்டம் ஆகும்வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தமையால், மனு எழுதிக்கொண்டு மதுரைக்குப் போய்ப் பழகிய தலைமுறை இன்றும் வாழ்கிறது. அன்றியும், ஊரின் பெயர் தாங்கிய கிரிக்கெட் அணியின் ஆட்டங்களையே நத்தத்திற்குச் சென்று காணும் திண்டுக்கல்லாருக்கு, விளையாட்டு என்பது எப்போதும் அடுத்த ஊரில் நிகழ்வது என்னும் கொள்கை முன்பே உடன்பாடானது.

பொழுதே ஆய்வுக்குரியது. ஹாக்கி ஆட்டம் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கினைக் கொண்டது. இடைவேளைகளையும் பெனால்டி கார்னருக்காகக் கடிகாரம் நிறுத்தப்படும் நேரத்தையும் கூட்டினாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். போக்கும் வரவும் அதனினும் மிகுதியான நேரத்தைக் கொள்ளும் என்பதால், இப்பயணத்தில் ஆட்டம் சிறுபான்மை என்பது கணக்களவில் பெறப்படும். மேலும், 24 நாடுகள் முதன்முறையாகப் பங்கேற்ற ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை, 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. அக்காலம் ஐப்பசி, கார்த்திகை ஆகிய கூதிர்ப் பருவத்தைச் சார்ந்தது. இரவு ஆட்டம் கண்டவர் வீடு சேர்வதோ யாமத்தில். கூதிரும் யாமமும் குறிஞ்சிக்குரியவை. குறிஞ்சியின் ஒழுக்கமோ புணர்தல். ஆனால் யாமத்தில் திண்டுக்கல்லாருக்கு வாய்ப்பது மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் காத்திருத்தல், அதாவது முல்லையின் ஒழுக்கமாகிய இருத்தல். இதனைத் திணைமயக்கம் எனக் கொள்க.

கருப்பொருளுள் தலையாயது உணவு. உலகக் கோப்பைக்கு அனுமதி கட்டணமின்றி அளிக்கப்பட்டமையால், செலவு முழுவதும் ஆட்டோவின் மீதும் இலையின் மீதும் விழுந்தது. 1957 முதல் தலப்பாக்கட்டியின் பெயரால் புகழ்பெற்ற சீரகச் சம்பா பிரியாணியை உண்ட பின்னரே ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும் என்பர் ஒரு சாரார். மதுரைக்குப் போய்க் கறிதோசையும் ஜிகர்தண்டாவும் உண்பதற்கு வயிற்றில் இடம் விட வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் உண்ணலாம் என்னும் மூன்றாம் சாராரே எண்ணிக்கையில் மிகுதி.

ஊர்தியிலும் கட்சிகள் உண்டு. ரயில் கட்சியினர், மதுரையிலிருந்து இரவு 9 மணிக்குப் பின் புறப்பட்டுத் திண்டுக்கல்லில் நின்று செல்லும் பாண்டியன் எக்ஸ்பிரஸைச் சான்று காட்டுவர். ஆயின் 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் இறுதிக் கால்பகுதியைத் துறந்தாலன்றி அவ்வண்டி கிட்டாது. பஸ் கட்சியினர், கோவைக்கும் சேலத்திற்கும் செல்லும் வண்டிகள் யாவும் திண்டுக்கல் வழியே போவதை எடுத்துரைப்பர். அவ்வண்டிகளின் நடத்துநர்கள் "திண்டுக்கல் எல்லாம் கடைசியில ஏறுங்க" என்று கூறுவதை அவர்கள் மறைத்துவிடுவர். கார் கட்சியினருக்கு மறுப்பு கொடைரோடு சுங்கச்சாவடியிலேயே கிடைத்துவிடும்.

உரிப்பொருள் ஐந்தும் இப்பயணத்தில் முறையே நிகழ்கின்றன. வீட்டைவிட்டு இறங்குதல் பிரிதல், இதற்கு முன், "இந்தக் குளிர்ல போகணுமா?" என்னும் மனைவியின் ஒரு வினாவால் தலைவன் செருப்பைக் கழற்றிவிடுவது செலவழுங்கல், அதாவது புறப்பாட்டைத் தள்ளிப்போடுதல் என்னும் துறை. யாரால் தாமதம் என்று வாடிப்பட்டி வரை வாதிடுதல் ஊடல். அரங்கினுள் நுழையும்போதே முதல் கோல் விழுந்துவிட்டதை அறிதல் இரங்கல். அவ்வுலகக் கோப்பையில் டிசம்பர் 2 அன்று மதுரையில் சுவிட்சர்லாந்தை இந்தியா 5-0 என வென்றது போன்ற நாள்களில், தாமதமாக வந்தவருக்கும் எஞ்சிய கோல்கள் இருக்கும் என்பது ஆறுதல். பஸ் வரும்வரை இருத்தல். ஜன்னலோரச் சீட்டு வாய்த்தல் புணர்தல்.

எனவே திட்டமிடுவோர் திரும்பும் வழியை முதலிலும், உணவை அடுத்தும், ஆட்டத்தை எஞ்சிய இடத்திலும் வைத்தலே நெறியாகும். மறுநாள் டீக்கடையில் இப்பயணம் தேர்வுக்கு உள்ளாகும்போது, "எத்தனை கோல்?" என்பது கேட்கப்படுவதில்லை, அது செய்தித்தாளிலேயே உள்ளது. "எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தீக?" என்பதே கேட்கப்படுவது, அதற்கு விடை அறிந்தவரே ஆட்டம் கண்டவராவார்.