துட்டி கேட்க ஆளில்லாத இரண்டு சாவு

தமிழ்நாடு-கேரள எல்லையோரக் காரோட்டில் சினிமாப் பைத்தியமாகப் பிறந்தால் கண்ணீர்ச் செலவு இரட்டிப்பு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் என்று முடிவானபோது, தாலுகாவைப் பிரித்தவர்கள் ரசிகர்களைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். அதனால் இங்கே உள்ளவனுக்கு எம்.ஜி.ஆரும் சொந்தம், பிரேம் நசீரும் சொந்தம். 1987 டிசம்பரில் முன்னவருக்காக அழுதவன், 1989 ஜனவரியில் பின்னவருக்காக மறுபடி உட்கார்ந்து அழுதான். 2021-இல் ஏப்ரலில் விவேக், அக்டோபரில் நெடுமுடி வேணு. 2023 இன்னும் மோசம்: மார்ச்சில் இன்னசென்ட், ஏப்ரலில் மாமுக்கோயா, மே மாதம் மனோபாலா, டிசம்பரில் விஜயகாந்த். இதற்கு நடுவே வீட்டு நாயும் போய்ச் சேர்ந்தால், அந்த வீட்டில் துக்கம் மூன்று மொழியில் நடக்கும்.

என் கட்சி இதுதான்: நடிகருக்காக அழுவதும் நாய்க்காக அழுவதும் ஒரே ரகம், இரண்டும் அசல் துக்கம். ஆனால் இரண்டுக்கும் துட்டி கேட்க ஒருத்தரும் வரமாட்டார்கள். கல்யாண ஆல்பத்தில் மட்டுமே பார்த்த ஒரு தூரத்து மாமா இறந்தால் ஆபீசில் லீவு உண்டு, சஞ்சயனத்துக்கு அழைப்பு உண்டு, திரும்பி வந்தவனிடம் நாலு பேர் விசாரிப்பதும் உண்டு. பன்னிரண்டு வருஷம் வாசலில் காத்துக் கிடந்த நாய் செத்து, பின்வாசல் படியில் அதன் அலுமினியத் தட்டு கவிழ்ந்து கிடக்கும்போது லீவு கேட்டுப் பாருங்கள். மேலதிகாரி முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார், பிறகு உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஊர் ஒப்புக்கொள்ளாத இந்த மாதிரி துக்கங்களைப் பற்றி அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-இல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். நசீர் போன அதே வருஷம்.

“உன் பெயர்கூட அந்த நடிகருக்குத் தெரியாதே” என்பார்கள். தெரியாதுதான். அந்தத் தூரத்து மாமாவுக்கும் தெரியாது. திரையில் தினமும் பார்க்கும் முகத்தோடு மனிதர்களுக்கு ஒருதலையாய் நெருக்கம் வருவதை ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிவைத்தது 1956-இல். நம் எல்லைக்கல் நட்ட வருஷம். நாய் விஷயம் நேர் எதிர். உங்களை அதற்கு நன்றாகத் தெரியும். உங்கள் சம்பளம், சாதி, கடன் எதுவும் தெரியாது. உறவுக்காரர்களில் எத்தனை பேரைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

“இது போனால் இன்னொன்று வாங்கிக்கொள்” என்பது அடுத்த ஆறுதல். யானைக்கு இதை யாரும் சொல்வதில்லை. குருவாயூர் கேசவன் 1976 டிசம்பர் 2-இல், ஏகாதசியன்று, சரிந்தபோது கேரளமே அழுதது; அடுத்த வருஷமே இயக்குநர் பரதன் அந்த யானையின் கதையைப் படமாக எடுத்தார். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோவில் லட்சுமி 2022 நவம்பரில் நடைப்பயிற்சியில் விழுந்து இறந்தபோதும் தெருவே கண்ணீர்விட்டது. ஆக, மிருகத்துக்காக அழலாம், ஆனால் அது டன் கணக்கில் இருக்க வேண்டும். மாற்று ஆள் போடுவது சினிமாவுக்கும் ஒத்துவரவில்லை. 1980 நவம்பரில் சோழவரத்தில் ஹெலிகாப்டர் சண்டைக்காட்சியில் மலையாள நடிகர் ஜெயன் இறந்தபின், ‘கோளிளக்கம்’ படத்தில் அவருக்குக் குரல் கொடுத்தவர் ஆலப்பி அஷ்ரஃப். மிமிக்ரியில் கெட்டிக்காரர்தான். ஆனாலும் தியேட்டரில் கேட்டவனுக்கு, போனவர் போனவர்தான். 2024-இல் ‘இந்தியன் 2’ விவேக்கையும் நெடுமுடி வேணுவையும் கணினி உதவியோடு எழுப்பி உட்காரவைத்தது. பார்த்தவர்களுக்கு ஆறுதலை விட, மறுபடி ஒருமுறை துட்டி வீட்டுக்குப் போன உணர்வுதான்.

கடைசி எதிர்வாதம் கொஞ்சம் பலமானது: நடிகர் படத்திலாவது இருக்கிறார், நாய்க்கு என்ன மிச்சம்? போனில் உள்ள வீடியோக்களில் பாதி வால்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படமும் நிரந்தரமில்லை. 1975-இல் அகஸ்தீசுவரத்தில் காலமான ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படம் ‘விகதகுமாரன்’. அதன் சுருள் ஒன்றுகூட இன்று இல்லை, கதாநாயகி பி.கே. ரோசியை இனி யாரும் திரையில் பார்க்கப் போவதில்லை. நம் பக்கத்து நெய்யாற்றின்கரை கோமளம், 1952-இல் வந்த ‘மருமகள்’ படத்தில் நசீருக்கு முதல் கதாநாயகி. 2024 அக்டோபரில் அவர் இறந்தபோது செய்தியிலும் நசீர் பெயர்தான் முன்னால் வந்தது. படம் மிஞ்சினால் ஆளும் மிஞ்சுவார் என்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்த வீட்டில் யாராவது ஒரு நடிகருக்காகவோ நாய்க்காகவோ கண் கலங்கி இருந்தால், போய்ப் பத்து நிமிஷம் உட்காருங்கள். கட்டஞ்சாயா கொடுத்தால் குடியுங்கள். “வயசு எத்தனை?” என்று மட்டும் கேட்காதீர்கள்.