ரொறன்ரோச் சித்தப்பாவுக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டு

போன ஞாயிறு இரவு, பிள்ளைகள் எல்லாம் நித்திரையான பிறகு, வலிகாமத்து முன்பள்ளி ஒன்றின் வட்ஸ்அப் குழுவில் ரீச்சரின் குரல்பதிவு வந்து விழுந்தது. பழங்களின் பெயர் சொல்லும் வீடியோ காலை எட்டு மணிக்குள் வேண்டுமாம். பிள்ளை எழும்பவில்லை. வீடு எழும்பிவிட்டது.

இதை எழுதுபவர் அந்த வீட்டின் அப்பப்பா. ஓய்வூதியக்காரர் என்பதால் படப்பிடிப்பு அவர் தலையில்.

நாலு வயதுப் பேத்திக்கு வாழைப்பழம் தெரியாமலில்லை. பின்வளவில் குலை வெட்டும்போது பக்கத்தில் நிற்பவள். ஆனால் போனை நீட்டி, "இது என்ன பழம், குஞ்சு?" என்று கேட்டால், "அப்பப்பாக்குத் தெரியாதோ?" என்கிறாள். அது முதல் வீடியோ. அடுத்ததில் பெயர் சரி. பின்னால் தண்ணி மோட்டர் இரைகிறது. அதற்கடுத்ததில் மோட்டர் இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து அப்பம்மா "கொய்யாப்பழம், கொய்யாப்பழம்" என்று அடியெடுத்துக் கொடுப்பது மட்டும் கணீரென்று கேட்கிறது. எல்லாம் கூடி வந்த நேரம் பார்த்து மேசையிலிருந்த கதலியைக் கதாநாயகி தின்று முடித்துவிட்டாள். ஒருவழியாக அனுப்பினால், வேறொரு பிள்ளை அத்தனை பழத்தையும் ஆங்கிலத்தில் சொல்லி, கடைசியில் "தாங்க் யூ" வேறு போட்டிருக்கிறது. உடனே மருமகள்: "மாமா, இங்கிலீசில ஒருக்கா எடுப்பமே?" ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஆறு வருடம் கிடக்கிறது.

பிறகு வரிசையாக "நன்றி ரீச்சர்". இடையில் ஒரு தகப்பன் காணி விற்பனை விளம்பரத்தை மாறிப் போட்டு, அழித்து, மன்னிப்பும் கேட்டார். அந்த மன்னிப்புக்கும் கட்டைவிரல்கள் உயர்ந்தன.

2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிகள் மூடியபோது தொடங்கிய பழக்கம் இது. பள்ளிகள் திறந்தன, குழுக்கள் மூடவில்லை. 2022இல் நாளுக்குப் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களையும் அவை தாண்டிவிட்டன.

தொழில்நுட்பம் சின்னப் பிள்ளைகளின் படிப்பை எப்படி மாற்றும் என்பதுதான் கட்டுரையின் விடயம். அதற்குத்தான் வருகிறது.

1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். அப்படிக் கப்பலேறிய விரல் எழுத்து, இப்போது தொட்டால் ஒளிரும் கண்ணாடியாகத் திரும்பி வந்திருக்கிறது, விலைச்சீட்டோடு. விஜயதசமிக்கு ஏடு தொடக்கும் ஐயருக்கே, "இன்னொருக்கா எழுதுவியுங்கோ ஐயா, கமரா பாக்கட்டும்" என்று கட்டளை போகிறது. அரிசியில் அ எழுதி, அழித்து, மறுபடி அ. பயிற்சி என்று பார்த்தால் நல்லதுதான்.

சியாட்டிலில் பட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒன்பது மாதக் குழந்தைகளோடு ஆள் நேரில் இருந்து சீன மொழி பேசி விளையாடியபோது, அதன் ஒலிகளை அவை பிரித்தறிந்தன. அதே பேச்சு தொலைக்காட்சியில் வந்தபோது ஒன்றும் ஏறவில்லை. போனைக் காட்டிச் சோறு தீத்தும் வீடுகளில் சோறாவது ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல், நாலு வயதுக்குத் திரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அது பிள்ளை படம் பார்க்கும் நேரம். பிள்ளையைப் படம் பிடிக்கும் நேரத்துக்கு எவரும் கணக்குச் சொல்லவில்லை.

ஆனால் 2014இல் அமெரிக்காவில் வந்த இன்னொரு ஆய்வு கொஞ்சம் ஆறுதல். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள் பதிவுசெய்த வீடியோவில் கற்காத புதுச் சொற்களை ஸ்கைப் அழைப்பில் கற்றுக்கொண்டன. மறுமுனையில் இருப்பவர் பிள்ளைக்குக் காது கொடுத்து, அது சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவே சங்கதி. அந்த ஆய்வின்படி பேத்தியின் ரொறன்ரோச் சித்தப்பா முதல்தரமான ரீச்சர் ஆகலாம். பழ வீடியோ கிடைத்ததும் அவர் அழைத்தார்:

"கேக்குதோ? ஆரெண்டு தெரியுதோ? எங்க, எல்லாப் பழமும் ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்! அம்மா எங்க? சாப்பிட்டாச்சோ? அப்பா, போனை நிமித்திப் பிடியுங்கோ, முகடுதான் தெரியுது."