கேட்டது கிடைக்காத ஜெபம்

கேள்வி: ஜெபத்தில் ஆறுதல் தேடுவது பிரச்சினையிலிருந்து தப்பி ஓடுவதுதானே?

பதில்: தப்பி ஓடுகிறவர் திரும்பி வரமாட்டாரே! ஜெர்மன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1939-ல் அமெரிக்காவில் பத்திரமாக இருந்தும், போர் நெருங்குகிறது என்று தெரிந்தே ஊர் திரும்பினார், ஹிட்லரை எதிர்த்தார், 1943-ல் பெர்லினின் டேகல் சிறைக்குப் போனார். அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சக கைதிகளுக்காக அவர் எழுதிய ஜெபங்களில் தனிமையையும் கசப்பையும் ஒளிக்காமல் கடவுளிடமே சொல்கிறார். "விடுதலை கிடைத்ததா?" என்பீர்கள். இல்லை, 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். கெத்செமனே தோட்டத்தில் இயேசு மன்றாடியும் துன்பத்தின் பாத்திரம் நீங்கவில்லை. ஆனால் ஜெபித்து எழுந்தவர், பிடிக்க வந்தவர்களுக்கு எதிரே நடந்தார். கேட்டது கிடைத்தால்தான் அமைதி என்றால், சங்கீதப் புத்தகத்தில் இத்தனை புலம்பல்கள் ஏன்? வேறு யாரிடமும் சொல்ல வெட்கப்படும் பயத்தையும் காதுகொடுத்துக் கேட்பவர் இருக்கிறார் என்ற விசுவாசம்தான் இப்படி ஜெபித்தவர்களை நிற்க வைத்தது.