கறுப்புத்திரை வைத்தியர்

உங்கள் லேப்டாப்பில் படம் வரவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். மைசூரில், அதுவும் சரஸ்வதிபுரம் பக்கம் குடியிருந்தால், மாடிப்படியில் நின்றுகூடச் சொல்லாதீர்கள். சொன்ன பத்தாவது நிமிஷம் வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்கும்.

எங்கள் தெருவில் அவருக்கு லினக்ஸ் சார் என்று பெயர். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கலாம், ஆள் இதே ஆள்தான். அறுபதுக்கு மேல் இரண்டு மூன்று வயது. மத்திய அரசு உத்தியோகத்தில் மாற்றலாகி மைசூருக்கு வந்து, தண்ணீரும் வெயிலும் ஒத்துப்போனதால் இங்கேயே தங்கிவிட்டவர். கும்பகோணத்துத் தமிழில் நடுநடுவே கன்னடத்து "ஹௌதா", "சும்னே" விழும். இவர் வயதுக்காரர்கள் விடிகாலையில் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடந்து சர்க்கரையைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது, இவர் மொட்டை மாடியில் உட்கார்ந்து கெர்னல் கம்பைல் செய்துகொண்டிருப்பார்.

தோளில் துணிப்பை. பைக்குள் ஒரு சாவிக்கொத்து. அதில் சாவி ஒன்றுதான், மற்றதெல்லாம் பென்டிரைவ். ஒன்றில் உபுண்டு, ஒன்றில் டெபியன், ஒன்றில் ஃபெடோரா. "இது மட்டும் அவசரத்துக்கு" என்று பெயரில்லாமல் ஒன்று. அவர் வீட்டு பால்கனியில் புறாக்களை விரட்ட மாமி சிடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் உபுண்டு சிடி. 2011 வரைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் அந்தச் சிடியைத் தபால் செலவுகூட வாங்காமல் கடல்தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சார் கேட்டிருக்கிறார், நிறையவே கேட்டிருக்கிறார். "ஓசின்னா இவருக்கு ஒண்ணு போதாது" என்பது மாமியின் கட்சி. "ஓசி இல்லை, கட்டற்றது. இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. நமக்குத்தான் இலவசம் வேற, சுதந்திரம் வேற. இந்த ஒரு விஷயத்துல தமிழ்ல யோசிச்சா குழப்பமே இல்லை" என்பது சாரின் கட்சி. புறாக்களுக்கு இரண்டு கட்சியும் ஒன்றுதான், சிடி பக்கத்திலேயே கூடு கட்டியிருக்கின்றன.

என் வீட்டுக்கு அவர் வந்தது சென்ற ஆண்டு, 2025 தசரா சமயத்தில். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரம். 2016-இல் வாங்கிய என் லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. இதை நான் பால் வாங்குகிற இடத்தில் சொல்லிவிட்டேன். செப்டம்பர் கடைசி ஞாயிறு மத்தியானம், நாங்கள் இலையை எடுப்பதற்குள் சார் வந்துவிட்டார்.

கணினியைத் தொடுவதற்கு முன் ஜோசியர் மாதிரி கேள்வி கேட்பார். என்ன வருஷம் வாங்கினது, எத்தனை ஜிபி, கிராபிக்ஸ் ஒண்ணா ரெண்டா. பிறகு பெயரில்லாத பென்டிரைவைச் செருகி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸை ஏற்றி, கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டுவார். வரிவரியாக வந்து விழும். அதில் 01:00.0 என்று தொடங்கும் வரியின் மேல் விரலை வைத்து, "பார்த்தீங்களா, ஒண்ணாம் வீட்ல உட்கார்ந்திருக்கான்" என்பார். குரலை வைத்து அது நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது. என் மனைவி பரிகாரம் ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

பரிகாரம் உண்டு. கிராபிக்ஸ் அட்டையைச் செய்த கம்பெனியே தருகிற டிரைவரைப் போட வேண்டும். ஆனால் அது மூடிய டிரைவர், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் காட்ட மாட்டார்கள். சார் முகம் சுளித்தார். வெங்காயம் சாப்பிடாத வீட்டில் யாரோ விருந்தாளிக்காக வெங்காயம் நறுக்குகிற முகம் அது. நறுக்கினார். டவுன்லோடு ஓடத் தொடங்கியது. டவுன்லோடு ஓடும் நேரம்தான் இந்த வகை மனிதர்களின் கதாகாலட்சேப நேரம்.

முதல் கதை லினஸ் டோர்வால்ட்ஸ் கதை. 1991-இல் ஃபின்லாந்தில் மாணவனாக இருந்தபோது லினக்ஸை எழுதியவர். 2012-இல் அதே நாட்டில் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேச வந்தவரிடம் அந்த அட்டைக் கம்பெனியான என்விடியாவைப் பற்றிக் கேட்டார்கள். அவர் கேமராவைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். "எந்த விரல் தாத்தா?" என்றாள் என் மகள். சார் என்னைப் பார்த்தார். மாவு சலித்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார். "சுண்டு விரல்மா" என்றார். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2022 மே மாதம், அந்தக் கம்பெனி, லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்குள் உட்காரும் பகுதியின் மூல நிரலைத் திறந்துவிட்டது. இதைச் சொல்லும்போது சாரின் குரல் தழுதழுத்தது. சொந்த மகன் அமெரிக்காவில் வீடு வாங்கின செய்தியை அவர் இவ்வளவு உருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாவது கதை எனக்குப் பிடித்தது. ஒரே லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் வைத்து, வேலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு என்விடியா ஆப்டிமஸ் என்று பெயர் வைத்தது. அதை லினக்ஸில் ஓடவைக்க முனைந்தவர்கள், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்து ஆப்டிமஸுக்குத் துணை பம்பிள்பீ அல்லவா என்று தங்கள் மென்பொருளுக்கு பம்பிள்பீ என்று பெயர் வைத்தார்கள். 2011-இல் அதன் நிறுவல் நிரலில் ஒரு கோப்புறையை அழிக்கச் சொல்லும் வரி இருந்தது. முகவரியின் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது, ஒரே ஒரு வெற்றிடம். யூஎஸ்ஆர் என்ற பெரிய கோப்புறைக்குள் ஒரு மூலையை அழி என்பது, யூஎஸ்ஆரையே அழி என்றாகிவிட்டது. போட்டவர்களின் கணினியில் பாதி உலகம் காலி. "ஒற்று விட்டா தமிழ் வாத்தியார் அரை மார்க்தான் குறைப்பார். இங்கே பாருங்க, எழுத்தே இல்லாத இடம் வீட்டையே இடிச்சிடுத்து" என்று சொல்லிவிட்டு சார் காபிக்கு இடைவெளி விட்டார்.

அன்றைக்கு நடந்த தவறு என்னுடையதுதான். டிரைவர் ஏறும்போது கணினி ஒரு கடவுச்சொல் கேட்டது. சார் ஏதோ ஒன்றைத் தட்டி, அதை மைசூர்பாகு டப்பாவின் மூடியில் பென்சிலால் எழுதினார். "ரீபூட் பண்றப்ப ஒரு நீலத் திரை வரும். பயப்படாம..." அதற்குள் மாமியின் போன் வந்தது. அவர்கள் வீட்டு கொலுவுக்கு யாரோ வந்துவிட்டார்கள். சார் மீதியைச் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். எனக்கு "பயப்படாம" வரைக்கும்தான் காதில் விழுந்தது.

நீலத் திரை வந்தது. நான் பயப்படாமல் கன்டினியூ என்பதை அழுத்தினேன். அதன்பிறகு கறுப்பு. இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மைசூர்பாகு அதற்குள் தீர்ந்து, மூடி குப்பை வண்டியில் போயிருந்தது.

புதன்கிழமை சரஸ்வதி பூஜை. தசரா நாட்களில் சாயங்காலமானால் அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு ஒரே நொடியில் எரிகிறது. அந்த ஊரில் என் பதினைந்து அங்குலத் திரை மூன்று நாளாக எரியவில்லை. வெறுத்துப்போய், மகளின் பாடப் புத்தகங்களோடு லேப்டாப்பையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். சந்தனம், குங்குமம், ஓரத்தில் ஒரு சாமந்திப்பூ. கோடு மட்டும் விடாமல் சிமிட்டியது.

சார் வந்தார். சுண்டல் வாங்கிக்கொண்டார். பூஜையில் பார்த்தார்.

"அணைக்கலையா? ரொம்ப நல்லது."

"பூஜைல வச்சதை நாளைக்கு புனர்பூஜை வரைக்கும் தொடக்கூடாது சார்" என்றாள் என் மனைவி.

"யாரும்மா தொடப்போறா?" என்று துணிப்பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்தார். அன்றைக்கே எதற்கும் இருக்கட்டும் என்று எஸ்எஸ்ஹெச் போட்டு வைத்திருக்கிறார். அதாவது வைஃபை வழியாகத் தூரத்திலிருந்தே கதவைத் திறந்து உள்ளே போகிற ஏற்பாடு. கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து, பூஜையறையில் இருக்கும் கணினிக்குள் அவர் போனார். சாமந்திப்பூ அசையவில்லை. திரை இல்லாத கணினிக்குள் அவ்வளவு சௌகரியமாக நடமாடுகிற மனிதரை நான் பார்த்ததில்லை, கரண்ட் போன வீட்டில் எங்கள் பாட்டி தீப்பெட்டி எடுக்கப் போவது மாதிரி.

கால் மணி நேரம் வரிகளாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீலத் திரைல என்ன அழுத்தினீங்க?"

சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. முகம் அப்படியே மலர்ந்தது. "தெரிஞ்சுபோச்சு! படம் ஏன் வரலைன்னு தெரிஞ்சுபோச்சு!" என்று தொடையில் தட்டினார். படம் வருவதைவிட இவருக்கு அது ஏன் வரவில்லை என்பதுதான் முக்கியம். நமக்கு இரண்டும் ஒன்று என்று தோன்றுகிறது. அவர் மனசில் முதலாவது பத்துப் பைசா, இரண்டாவது ஒரு ரூபாய்.

காரணத்தையும் விளக்கினார். செக்யூர் பூட் என்பது வாசலில் பன்னீர் தெளிக்கிற சம்பந்தி. அழைப்பிதழில் கையெழுத்து இருந்தால்தான் உள்ளே விடுவார். புது டிரைவரிடம் கையெழுத்து இருக்கிறது, ஆனால் அந்தக் கையெழுத்து யாருடையது என்று சம்பந்திக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அதற்குத்தான் நீலத் திரை, அதற்குத்தான் கடவுச்சொல். நான் கன்டினியூ என்று அழுத்தியதால் அறிமுகம் நடக்கவில்லை. பழைய டிரைவரையும் வேண்டாம் என்று தடுத்து வைத்தாகிவிட்டது. ஆக, மணமேடையில் யாருமே இல்லை.

"படமே வராதப்ப நீலம் மட்டும் எப்படி சார் வந்தது?"

அவர் என்னைக் கட்டிக்கொள்ளாத குறை. "அது மதர்போர்டே போடற படம். அதுக்கு டிரைவரே வேண்டாம். அப்புறம் கெர்னல் வந்து பொறுப்பை எடுத்துக்கும். அங்கதான் டிரைவர் வேணும்."

இந்தச் சத்தத்தில் கீழ்வீட்டு அஜ்ஜி படியேறி வந்து எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரர் அவர்தான். "ஏனாய்த்து?"

"டிரைவர் சரி இல்லா, அஜ்ஜி" என்றார் சார்.

"ஹாகாத்ரே பேரே டிரைவர் இட்கொள்ளி" என்று சொல்லிவிட்டு அஜ்ஜி இறங்கிப் போனார். அப்படியானால் வேறு டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனசில் இருந்தது கார். நான் சிரித்தேன். சார் சிரிக்கவில்லை, கொஞ்ச நேரம் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோபாவிலிருந்தே புதுக் கடவுச்சொல் போட்டார். குறைந்தது எட்டு எழுத்து வேண்டும் என்றார். "சரஸ்வதின்னே வைங்க" என்றாள் என் மனைவி, "குப்பை வண்டியில போகாது." ஆனால் நீலத் திரையில் அழுத்துவதைத் தூரத்திலிருந்து செய்ய முடியாது. பத்து வினாடிக்குள் நேரில் ஒரு விசையை அழுத்தியாக வேண்டும், விட்டால் முதலிலிருந்து. புனர்பூஜைக்குக் காத்திருந்தோம்.

மறுநாள் விஜயதசமி. அது காந்தி ஜெயந்தியாகவும் அமைந்ததில் சாருக்கு ஏகப்பட்ட திருப்தி, "சுயராஜ்யம் பாருங்க" என்று மூன்று முறை சொன்னார். ஊரே ஜம்பு சவாரி பார்க்க இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது. 750 கிலோ தங்க அம்பாரியை யானை சுமக்கும் நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் கவலைப்பட்டேன். சார் அவசரப்படவில்லை. என் மகளை மடியில் உட்கார்த்திக்கொண்டு, மற்ற குழந்தைகள் நெல்லில் அ எழுதுகிற நாளில், அவள் விரலைப் பிடித்துக் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக அழுத்தவைத்தார்.

படம் வந்தது. வண்ணத்தில், முழு அகலத்தில், துடைத்துவிட்ட மாதிரி. என் மனைவி கைதட்டினாள். சார் மட்டும் இன்னொரு கறுப்பு ஜன்னலைத் திறந்து எதையோ படித்து, உதட்டைப் பிதுக்கினார்.

"படம் சரி. ஆனா கெர்னலுக்குத் தீட்டு."

"யாருக்குத் தீட்டு?" என்றாள் என் மனைவி, கையில் ஆரத்தித் தட்டோடு.

அவர் சொன்னது நிஜம். மூடிய டிரைவர் ஏறினால் கெர்னல் தனக்குத் தீட்டுப் பட்டதாகத் தானே பதிவு செய்துகொள்கிறது, கிட்டத்தட்ட இதே சொல்லால். டிரைவரை இறக்கிவிட்டாலும் அந்தப் பதிவு போகாது.

"குளிச்சா போகாதா?"

"ரீபூட் பண்ணினா போகும்மா. ஆனா திரும்ப டிரைவர் ஏறின உடனே ஒட்டிக்கும்."

எப்படியோ அவரை அனுப்பிவிட்டு ஊர்வலம் பார்க்கப் போனோம். சாயங்காலம் விளக்கு அலங்காரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி செருப்புச் சத்தம். சார் முகம் பளபளவென்று இருந்தது.

"ராத்திரி பூரா அஜ்ஜி சொன்னதையே யோசிச்சேன். வேற டிரைவர். கட்டற்ற டிரைவர் இருக்கே, அதோட புது வெர்ஷனைப் போட்டுப் பார்த்தா தீட்டே இருக்காது. அரை மணி நேரம்தான்."

நான் ஒன்றும் பேசாமல் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு போய், பூஜையறையில், சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தேன். புதுசாக ஒரு பொட்டு சந்தனமும் வைத்தேன். மனைவி விளக்கை ஏற்றினாள்.

சார் அதைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சோபாவில் உட்கார்ந்து துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தார்.

"அதுக்கென்ன, எஸ்எஸ்ஹெச் இருக்கே. நீங்க போய்ட்டு வாங்க."