ஒன்பது யூரோவுக்குப் போன யானை

அனுப்புநர்: ஓய்வுபெற்ற ஸ்டோர் கிளார்க் ஒருவர், காவிரிக்கரையில் ஒரு தாலுகா.

பெறுநர்: சுற்றுச்சூழல் மற்றும் உள்ளாட்சித் துறை, அயர்லாந்து அரசு, டப்ளின்.

பொருள்: மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் 7,500 – வாங்கியது, வைத்திருந்தது, விற்றது – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

முப்பத்தோரு வருடம் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதிய கை இது. ஒரு டப்பா குண்டூசி வாங்கவும் மூன்று கொட்டேஷன் கேட்டு, வரவு, வழங்கல், இருப்பு என்று மூன்று பத்தி போட்டு, மாதக் கடைசியில் குண்டூசியை எண்ணிக் கையெழுத்திட்டவன். அப்படிப்பட்ட எனக்குத் தங்கள் துறையின் கோப்பைப் பற்றிப் படித்தபோது கண் கலங்கியது. என்ன ஒரு தைரியம்! உங்கள் ரிஜிஸ்டரில் வரவு இருக்கிறது, இருப்பு இருக்கிறது. நடுவில் உள்ள வழங்கல் பத்தியில் மட்டும் ஏறக்குறைய எதுவும் இல்லை.

சுற்றுச்சூழல் துறைக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் குழம்பினேன். எல்லாம் கடைசியில் மறுசுழற்சிக்குப் போனதைப் படித்ததும் தெளிந்துவிட்டது.

2002 மே பொதுத்தேர்தலில் டப்ளின் வடக்கு, டப்ளின் மேற்கு, மீத் என்ற மூன்று தொகுதிகளில் ஒத்திகை பார்த்தீர்கள். உங்கள் ஊரில் வாக்காளர் பென்சிலால் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவார். அதைச் சுற்றுச் சுற்றாக எண்ணி முடிக்க நாள்கணக்கில் ஆகும். தோற்கப்போகிறவருக்கு அது மெல்ல மெல்லத் தெரியும். ஒரு டீ குடித்து, மனதைத் தேற்றிக்கொண்டு, கை குலுக்கப் போகலாம். இயந்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. முன்னாள் நீதித்துறை அமைச்சர் நோரா ஓவன் மேடையில் எல்லார் முன்னாலும் நின்றிருக்கும்போது தோல்வியை ஒரே போடாகப் போட்டுவிட்டது. பரிசோதனை வெற்றி என்று குறித்துக்கொண்டு, 2004 ஜூன் தேர்தலை நாடு முழுக்க இயந்திரத்திலேயே நடத்துவதென்று நெதர்லாந்தின் நெடாப் நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கினீர்கள்.

அடுத்துச் செய்ததுதான் உச்சம். பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருக்கையில், 2004 மார்ச்சில், இவற்றை நம்பலாமா என்று பார்க்க ஓர் ஆணையம் அமைத்தீர்கள். எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன்னால்தான் ஜாதகம் பார்ப்பார்கள்; அது பழைய முறை போலிருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஆணையம், மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது, சோதிக்க அவகாசம் இல்லை, இதைப் பரிந்துரைக்க முடியாது என்று கையை விரித்தது. போட்ட ஓட்டு சரியாகப் பதிவானதா என்று பார்க்க ஒரு துண்டுத் தாள்கூட இல்லையே என்று கணினி படித்தவர்கள் அதற்கு முன்பிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்தவர்களைக் கொள்முதலில் தலையிட விடக்கூடாது என்ற விதியை நீங்களும் கடைப்பிடிப்பது கண்டு மகிழ்ச்சி. ஜூனில் மக்கள் பென்சிலால் ஓட்டுப் போட்டார்கள்.

பிறகு 7,500 பெட்டிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி. இதை வாங்கும் முன் கேட்டிருந்தால் கொள்முதலின் சுவாரஸ்யமே போயிருக்கும். ஊர் ஊராகக் கிடங்கு பிடித்தீர்கள். மோனகன் பக்கம் ஒன்றுக்கு 25 ஆண்டுக் குத்தகை என்று படித்து எழுந்து நின்றுவிட்டேன். இயந்திரமே அத்தனை வருடம் தாங்காதே ஐயா! 2007இல் பாதிக்கு மேற்பட்டவற்றைக் கார்மன்ஸ்டன் ராணுவ முகாமுக்கு மாற்றினீர்கள். ஓட்டுப் பெட்டிக்கு ராணுவக் காவல். உள்ளே ஒரு ஓட்டும் இல்லை. வைத்திருந்த செலவு மட்டும் 30 லட்சம் யூரோவைத் தாண்டியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்போம். நீங்கள் சுண்டைக்காயையும் விட்டுவைக்கவில்லை. மொத்தம் ஏறத்தாழ 5 கோடியே 40 லட்சம் யூரோ.

நடுவில் 2006 அக்டோபரில் ஒரு கூத்து. அந்த நெடாப் இயந்திரத்தில் செஸ் ஆட முடியும் என்றால் அதையும் பார்க்கலாமே என்று நிறுவனத்தார் சொல்ல, நெதர்லாந்தின் எதிர்ப்பாளர்கள் சிலர் நிஜமாகவே அதில் செஸ் ஆட்டத்தை ஏற்றிக் காட்டினார்கள். நெதர்லாந்தே பிறகு தாளுக்கும் பென்சிலுக்கும் திரும்பிவிட்டது. எங்கள் மாமல்லபுரத்தில் 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. நீங்கள் அதுவரை அவற்றை வைத்திருந்தால் ஆளுக்கொன்று அனுப்பியிருக்கலாம்.

உங்களைக் கேலி செய்ய எனக்கு முழு யோக்கியதை இல்லைதான். நாங்களும் 1982இல் கேரளத்துப் பரவூரில் 50 சாவடிகளில் இயந்திரம் வைத்துத் தேர்தல் நடத்தினோம். அதற்குச் சட்டமே இல்லையே என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு சட்டத்தைத் திருத்தினோம். 1989–90இல் செய்து வாங்கிய இயந்திரங்களுக்கு 1998 வரை தூக்கம். ஆனால் ஒருநாள் தூசி தட்டி எடுத்தோம். வழங்கல் பத்தி நிரம்பியது.

அதைவிட எனக்குப் பெருமை இயந்திரத்தில் இல்லை, சாக்குப் பையில்தான். தேர்தலுக்கு முதல்நாள், சாவடிப் பணிக்குப் போகும் எங்களிடம் தருவார்களே, மெழுகுவத்தி, தீப்பெட்டி, அரக்கு, நூல்கண்டு, பிளேடு என்று. அந்தப் பட்டியலில் இரண்டு உருப்படி உண்டு. மை பாட்டிலை நிறுத்தி வைக்க ஒரு காலி டப்பா. வாக்காளர் விரலில் எண்ணெய் இருந்தால் துடைக்க ஒரு கந்தல் துணி. டப்பாவில் மணலைக் கொட்டி முக்கால் பாட்டிலைப் புதைத்து வைத்தால் மேசையை யார் இடித்தாலும் மை கொட்டாது. தலையில் எண்ணெய் தடவிய கையோடு வருகிற ஒரு கிழவியை நினைத்துப் பார்த்து யாரோ எழுதிய பட்டியல் அது. எழுதியவர் ஒருநாளாவது சாவடியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்கள் கோப்புக்கே திரும்புகிறேன். 2009இல் திட்டத்தைக் கைவிட்டீர்கள். வெளிநாடுகளில் இருக்கும் ஐரிஷ் மதுக்கடைகளில் அலங்காரமாக வைக்கலாம் என்று உங்கள் நிதியமைச்சரே யோசனை சொன்னார். கடைசியில் 2012 ஜூனில் டுல்லமோரில் உள்ள பழைய உலோகம் வாங்கும் ஒரு நிறுவனத்துக்கு ஏறக்குறைய 70,000 யூரோவுக்குத் தள்ளிவிட்டீர்கள். ஒன்றுக்கு ஒன்பது யூரோ முப்பது சென்ட். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம்பி வளர்ந்தவன் நான். நம்பிக்கை போய்விட்டது.

நாடாளுமன்றத்திலேயே கேலிக்கு ஆளான அந்தப் பென்சில் இன்னும் சர்வீஸில் இருக்கிறது. அதன் கொள்முதல் கோப்பின் நகல் ஒன்று அனுப்ப முடியுமா? எத்தனை கொட்டேஷன், எந்தக் கிடங்கு, சீவும் கருவி தனி உருப்படியா என்று பார்க்க ஆசை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கிளார்க்

பி.கு.: நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மூன்றடி அகல இரும்பு பீரோ ஒன்று வாங்கினார்கள். கதவு இரண்டரை அடி. பதினொரு வருடமாக அது வராந்தாவில் நிற்கிறது. மேல்தட்டில் கோழி முட்டையிடுகிறது. ஏன் வெளியே என்று கேட்ட ஆடிட்டருக்குப் பொதுமக்கள் வசதிக்காக என்று பதில் எழுதியவனும் நான்தான். மோனகன் குத்தகையில் ஏதாவது வருடம் பாக்கி இருந்தால் தெரிவிக்கவும். பீரோவை அனுப்பி வைக்கிறேன். லாரி வாடகை தங்களுடையது.