கொளுத்தவும் உதவித்தொகை

கேள்வி: கட்டிய வீட்டைத் தாமே கொளுத்திப் பார்ப்பவர்களுக்கு ஆய்வு உதவித்தொகையா?

பதில்: ஆம். முன்னோர் செய்ததை அவர்கள் காலத்துப் பொருள்களைக் கொண்டே செய்துபார்த்துச் சரிபார்க்கும் சோதனைமுறைத் தொல்லியலுக்கு, டென்மார்க்கின் லெய்ரேயில் 1964இல் தொடங்கப்பட்ட வாழும் வரலாற்று அருங்காட்சியகம், அதாவது பழங்கால வீடுகளை மீளக் கட்டி அக்கால வாழ்க்கையை நடத்திக்காட்டும் திடல், நல்கை வழங்கி வந்துள்ளது. அங்கு இரும்புக்கால வீட்டின் மாதிரியொன்று 1967இல் வேண்டுமென்றே எரிக்கப்பட்டு 1992இல் அகழப்பட்டதால், கரியையும் சுட்ட களிமண்ணையும் வைத்துத் தொல்லியலாளர் சொல்லும் கதையை, எரித்தபோது பதிவுசெய்தவற்றோடு ஒப்பிட முடிந்தது. 25 ஆண்டு காத்திருந்து சாம்பலைக் கிளறும் பொறுமை எந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வராது. விண்ணப்பிக்க எண்ணுவோர், எதை அளக்கப்போகிறார்கள் என்பதைத் தீக்குச்சி உரசுமுன் எழுதிவைப்பது நலம். அந்தத் தாள் இல்லையேல் காவல்துறை அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது.